ஜீப்பில் ஜாஸ் படித்த கனகா

ஜாஸ் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். ஏழு வருடமாக அதற்கு டிரம்ஸ் அடிக்கிறேன், இன்னும் எனக்குத் தெரியாது. கனகாவுக்குத் தெரியும். அவளிடம் கேட்டால், "பாட்டு ஒரு பக்கம் போகுமுங்கண்ணா, நாம ஒரு பக்கம் போவோம், கடைசியில ஊட்டுக்கு வந்து சேந்துக்குவோம், அவ்ளோதானுங்க" என்பாள். இதைக் கேட்டு எவனாவது டிரம்ஸ் அடிக்க முடியுமா? நான் அடிக்கிறேன். தலையெழுத்து.

என் பெயர் சக்திவேல். ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறேன். ஜாஸ் பாடுகிற கனகாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். யாரோ வெள்ளைக்காரம்மா வீட்டில் வைத்துக் கற்றுக்கொடுத்தாள் என்கிறான் ஒருவன். மெட்ராஸில் போய்ப் படித்தாள் என்கிறான் இன்னொருவன். எல்லாம் புளுகு. கனகா சேலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. அவளுக்கு ஜாஸ் கற்றுக்கொடுத்தது என் ஜீப். இன்னும் சரியாகச் சொன்னால், என் முட்டாள்தனம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பெங்களூர் பார்ட்டி ஒன்று என் ஜீப்பில் மலை சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பென்டிரைவை சீட்டில் விட்டுப் போனது. ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்தேன். யாரும் கேட்டு வரவில்லை. சினிமாப் பாட்டு இருக்கும் என்று ஆசைப்பட்டுப் பாட்டு செட்டில் சொருகினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். உள்ளே இருந்தது மொத்தம் நாற்பத்து மூன்று பாட்டு, அத்தனையும் ஜாஸ். சீ என்று பிடுங்கினேன். பாதி கையோடு வந்தது, பாதி உள்ளேயே நின்று அதே பாட்டைத் தொடர்ந்தது. திருடன் கொண்டுபோகக் கூடாது என்று அந்த செட்டை நானே வெல்டிங் வைத்து ஜீப்போடு ஒட்டியிருந்தேன். கழற்றவும் முடியாது. மலைக்குள் ரேடியோவும் எடுக்காது. நிறுத்தி வைத்திருக்கலாமே என்பீர்கள். பாட்டில்லாமல் ஜீப் ஓட்டுகிறவனை ஏற்காட்டில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

அந்த ஜீப்பில்தான் தினமும் காலையில் கொட்டச்சேடு பக்கத்து காப்பி எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கிற பெண்களை ஏற்றிப் போவேன். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர், அதில் கனகாவும் ஒருத்தி. முதல் வாரம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். "ஏனுங்க, இந்தாளு அழுவுறானா சிரிக்கறானா?" என்று கேட்டாள் கனகாவின் அம்மா வீராயி. இரண்டாவது மாதம் சும்மா இருந்தார்கள். ஆறாவது மாதம் வீராயி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாயாலேயே ட்ரம்பெட் வாசித்தாள். ஒரு வருடத்தில் பதினெட்டுப் பேருக்கும் நாற்பத்து மூன்று பாட்டும் மனப்பாடம். பாட்டுத் தெரியும், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது.

கனகாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாதேஷைக் கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. மாதேஷ் லாட்ஜில் சமையல்காரன், நல்லவன், பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சியைக் கண்டால் ஸ்டூலில் ஏறி நிற்பான். கனகா அப்படி இல்லை. அவள் குரல் இரண்டு மேட்டைத் தாண்டிப் போகும். அதனால்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் பெரியநாயகம் அவளைக் குரல் கொடுக்கிற ஆளாகப் போட்டார்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பழம் பறிக்கிற நாளில் பனி இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியில் நிற்கிறவள் முகமே தெரியாது. காட்டெருமை வேறு உலாவும். அதனால் ஒருத்தி நடுவில் நின்று "ஓ... ஹோய்" என்று நீளமாகக் குரல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வரிசையாக "ஹோய்" என்று பதில் சொல்ல வேண்டும். அவரவர் இருக்கிற இடம் தெரியும். "ஹோவ், ஹோவ், ஹோவ்" என்று மூன்று தடவை வெட்டிக் கூப்பிட்டால், காட்டெருமை வந்துவிட்டது என்று அர்த்தம். பையைப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல், கீழே ரோட்டுக்கு இறங்கிவிட வேண்டும். அப்புறம் அந்த மூன்று குரலைக் கொடுத்தவளே ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கடைசி ஆள் பதில் சொல்கிற வரைக்கும் ஒருவரும் ரோட்டை விட்டு நகரக் கூடாது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ வருவதற்கு முன் இது வந்துவிடும்.

இதில் போய் கனகா ஜாஸைக் கலந்தாள். வெறும் "ஓ... ஹோய்" அவளுக்கு அலுத்துப் போயிற்று. ஒருநாள் அதை இழுத்து, வளைத்து, நடுவில் ஏழெட்டுப் படி ஏறி இறங்கி, பன்னிரண்டாம் பாட்டில் சாக்ஸபோன்காரன் செய்கிற மாதிரி முடித்தாள். பெண்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. என்னமோ ஆகிவிட்டது என்று பெரியநாயகம் செருப்பு அறுந்து போக மேட்டில் ஓடி வந்தார்.

"ஏம்புள்ள, குரல் குடுக்கச் சொன்னா கச்சேரி பண்றியா?"

"பதிலு சொல்லாதது அவளுகங்க. என்னைய ஏனுங்க வையறீங்க?" என்றாள் கனகா.

அவள் பாட்டுக் கட்ட ஆரம்பித்ததும் அந்த மேட்டில்தான். இங்கிலீஷ் வார்த்தை அவள் வாயில் நிற்காது. மெட்டு மட்டும் நிற்கும். மெட்டை வெறுமனே விட மனசில்லாமல் தனக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பினாள். ரேஷன் கடை வரிசை ஒரு பாட்டு. மாதேஷின் குறட்டை ஒரு பாட்டு. நின்று போன கடைசி பஸ் ஒரு பாட்டு. எல்லாவற்றிலும் பேர் வாங்கியது அட்டைப் பாட்டு, காலில் ஏறினால் உப்புப் போட்டால்தான் விடுமே, அந்த அட்டை.

அட்டையே அட்டையே, கேக்காம ஏறுற,
காலுல ஏறித்தான் குண்டாகிப் போகுற,
கட்டுன புருசனும் இம்புட்டு ஒட்டல,
ஒட்டிக்க ராசாவே, உப்பு என் கையில இல்ல.

இதை அவள் மெதுவாக, தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு, தூங்கி எழுந்த மாதிரி பாடுவாள். கேட்டால் சிரிப்பு வரும். முடிகிறபோது ஏனோ வீட்டு ஞாபகம் வரும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மைக் கிடைத்த கதைக்கு வருகிறேன். மாதேஷ் வேலை பார்க்கிற லாட்ஜ் ஏரிக்குப் பின்னால் இருக்கிறது. பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். இரண்டாயிரத்துப் பதினெட்டில் அங்கே சனிக்கிழமை சாயங்கால டீக்கு ஜாஸ் என்று போர்டு வைத்து, மெட்ராஸிலிருந்து ஒரு பாடகியை வரவழைத்தார்கள். சேலத்திலிருந்து கூட்டி வந்தது நான். அடிவாரத்தில் ஏறும்போது அந்தம்மா மகாராணி. ஏற்காடு ரோட்டில் கொண்டை ஊசி வளைவு இருபது. மூன்றாவது வளைவில் ஆரம்பித்தது வாந்தி. இருபதாவதில் என் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, என்னை இங்கேயே புதைச்சிடுங்க" என்றது. பாவம், லாட்ஜில் இறக்கி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துப் படுக்க வைத்தோம். ஹாலில் நாற்பது பேர் டீயை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கீபோர்டு வாசிக்க வந்த ஷெர்வின் என்கிற தம்பி நகத்தைக் கடிக்கிறான். அப்போது கனகா மாதேஷுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். தன் சமையலைத் தானே சாப்பிட மாட்டான் அவன். நான்தான் அவளை மைக் முன்னால் தள்ளினேன்.

"என்னுங்கண்ணா பாடறது?"

"நாப்பத்து மூணுல எதையாச்சும் பாடு."

பாடினாள். அது இங்கிலீஷ் இல்லை, இங்கிலீஷ் மாதிரி. வார்த்தை தீர்ந்த இடத்தில் "டுபிடா டபிடா ஷுபடுபா" என்று ஐந்து நிமிஷம் ஓட்டினாள். ஷெர்வின் கண்ணில் தண்ணீர் விட்டான். வார்த்தையில்லாமல் இப்படிப் பாடுவதற்கு ஜாஸில் பெரிய மரியாதையாம், அவன்தான் சொன்னான். எங்களுக்கெப்படித் தெரியும்? நான் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த டிரம்ஸை இழுத்துப் போட்டு, கோயில் திருவிழாவில் பம்பை அடித்த கையால் சும்மா தட்டினேன். அன்றிலிருந்து நான் டிரம்மர். என்னை யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கொரோனா வருகிற வரைக்கும் சனிக்கிழமை தவறியதில்லை. டூரிஸ்டுகள் வீடியோ எடுத்தார்கள். ஒரு ஜெர்மனிக்காரர் இது எந்த நாட்டு பாஷை என்று மரியாதையாக விசாரித்தார். கொட்டச்சேடு என்றேன், நோட்டில் எழுதிக்கொண்டு போனார். ஒரு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி முடிந்த கையோடு ஏழு நிமிஷம் மேடை கொடுத்தார்கள். கனகா அட்டைப் பாட்டை எடுத்ததும் பின்னாலிருந்த அத்தனை நாயும் ஊளையிட்டன. "சுருதி சேந்துதான் ஊளை வுட்டுச்சுங்க, அதுல ஒரு கறுப்பு நாயி நொம்ப நல்லா பண்ணுச்சு" என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள். ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்காது. நான் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டி முடித்து ஒரு பிளசர் கார் தாண்டிப் போகிற நேரம் கழித்துத்தான் வாயைத் திறப்பாள். கேட்டால், "வருவமுங்க, எங்க போயிறப் போறோம்" என்பாள்.

கொரோனா காலத்தில் லாட்ஜை மூடிவிட்டார்கள். கனகா ஒன்றரை வருடம் மறுபடி பழம் பறித்தாள். அந்த ஒன்றரை வருடம் அவள் ஒரு பாட்டும் கட்டவில்லை. ஜீப்பில் செட்டு ஓடும், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் இறங்கும்போது சொன்னாள்: "அந்த மைக்கு முன்னால நின்னாத்தானுங்கண்ணா நான் கனகா. மத்த நேரமெல்லாம் ஆரோட பொண்டாட்டியோ, ஆரோட புள்ளயோ. அது போச்சுன்னா நான் இல்லீங்க." ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். லாட்ஜை மறுபடி திறந்த பிறகுதான் அவள் பாடினாள்.

போன வருடம் லாட்ஜ் ஓனர் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கினார். மகள் சாரா பொறுப்புக்கு வந்தாள். இதே மலையில் பிறந்தவள்தான், ஆனால் படித்ததெல்லாம் வெளியூர். ஹாலை வெள்ளையடித்தாள், மெனு கார்டை மாற்றினாள், அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. நீங்க பாடற இங்கிலீஷ் இங்கிலீஷ் இல்லை. தமிழ்ல பாடினா அட்டையைப் பத்திப் பாடறீங்க. போன வாரம் ஒரு ஃபேமிலி பஜ்ஜியை அப்படியே வெச்சுட்டு, காலை எல்லாம் தடவிப் பார்த்துட்டு ரூமை காலி பண்ணிட்டாங்க."

"அட்டை இருக்கறது நெசந்தானுங்களே?" என்றாள் கனகா.

"இருக்கலாம். ஆனா டீ குடிக்கிற நேரத்துல வேண்டாம். இந்த சனிக்கிழமை நானும் உட்கார்ந்து கேட்கிறேன். கெஸ்ட் எல்லாரும் கடைசி வரைக்கும் இருந்தாங்கன்னா நீங்க தொடர்ந்து பாடுங்க. பாதியில எழுந்து போனாங்கன்னா, ஸாரி அக்கா, அடுத்த வாரத்துல இருந்து ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சின்ன வயதில் என் ஜீப் சீட்டில் சாக்லேட்டைத் தேய்த்த பாப்பா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் 'சரிங்க மேடம்' என்றுதான் சொன்னேன்.

கனகா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்றான் மாதேஷ். புதுசாக ஒரு பாட்டுக் கட்டினாள். பனியைப் பற்றி. எதிரில் இருக்கிற ஆள் தெரியாமல் ஒருத்தி தேடுகிற மாதிரி. அட்டை இல்லை, குறட்டை இல்லை. வெள்ளிக்கிழமை ஜீப்பில் பாடிக் காட்டினாள். நன்றாக இருந்தது, அதுதான் எனக்குப் பயம். அவள் நன்றாகப் பாடினால் நடுவில் தன்னை மறந்து எங்கேயாவது போய்விடுவாள்.

"இத பாரு அம்மிணி, நாளைக்கு பாட்டு போற ரோட்டுலயே நீயும் போயிரு. காட்டுக்குள்ள எறங்காத."

"எறங்க மாட்டனுங்க" என்றாள். சாமி படத்தைத் தொட்டு வேறு சொன்னாள்.

சனிக்கிழமை நாலரை மணி. ஹால் நிறைந்திருந்தது. வெளியே ஜன்னலை ஒட்டிப் பனி. முன் வரிசையில் சாரா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நாலு தட்டினேன். கனகா வழக்கம்போலத் தாமதமாக வந்தாள். முதல் அடி, இரண்டாம் அடி, எல்லாரும் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. சாராவின் கை தானாக அவிழ்ந்ததை நான் பார்த்தேன். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது அவள் கண்ணை மூடினாள். பாட்டில் அந்தப் பெண் பனிக்குள் தேடுகிறாள் அல்லவா, கனகாவும் கிளம்பிவிட்டாள். "டுபிடா" என்று ஆரம்பித்து, "ஓ... ஹோய்" என்று ஏறி, வளைந்து, மேலே, இன்னும் மேலே போய், உச்சியில் நின்று, அடித்தொண்டையிலிருந்து விட்டாள்:

"ஹோவ், ஹோவ், ஹோவ்!"

லாட்ஜில் வேலை செய்கிற அத்தனை பேரும் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டுப் பிள்ளைகள். யாரும் யோசிக்கவில்லை. வெயிட்டர்கள் டிரேயைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல், ரோட்டுப் பக்கம் இறங்கினார்கள். துணி துவைக்கிறவள் சோப்பு நுரையோடு போனாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு முதல் ஆளாகப் போனான். சமையலறையிலிருந்து மாதேஷ் ஜல்லிக்கரண்டியோடு பாய்ந்து வந்து, கட்டிய பெண்டாட்டி நிற்கிற மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் குதித்தான். வேலைக்காரர்கள் மொத்தமும் சத்தமில்லாமல் ஓடினால் விருந்தாளி உட்கார்ந்திருப்பானா? அவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அவர்களோடு சாராவும்.

நானா? ஓடினேன். ஸ்னேர் டிரம்மைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் டிரம்மர்தான், அதற்காகக் காட்டெருமையிடம் சாக முடியுமா?

ரோட்டில் பனிக்குள் அறுபது எழுபது பேர் நின்றோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எருமையையும் காணோம். மூச்சு வாங்கி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, இந்தக் கிறுக்கி பாட்டில் கொடுத்த குரல் அது. கெஸ்ட் கடைசி வரைக்கும் இருக்க வேண்டும் என்றாளே சாரா, முதல் பாட்டிலேயே ஹால் காலி. மேலே தனியாக நிற்கிறவளை நினைத்தேன், சத்தியமாக அழுகை வந்தது.

அப்புறம் கனகா என்னிடம் சொன்னாள். கண்ணைத் திறந்ததும் காலி நாற்காலிகளைப் பார்த்தாளாம். தலைக்கு மேல் வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன என்று நினைத்தாளாம். ஆனால் மூன்று குரல் கொடுத்தவள் ஆளைக் கூப்பிட்டு முடிக்காமல் நிற்கக் கூடாது. மைக்கைப் பிடித்தாள்.

மேலேயிருந்து ஸ்பீக்கரில் வந்தது. பாட்டு நின்ற அதே இடத்திலிருந்து, அதே மெட்டில்.

"மாதேசு... ஓ... மாதேசு..."

"ஹோய்" என்றான் ஜல்லிக்கரண்டிக்காரன், எங்கேயோ பள்ளத்திலிருந்து.

ஒவ்வொரு பேராக இழுத்தாள். ஒவ்வொருவரும் பனிக்குள்ளிருந்து பதில் சொன்னார்கள். ஒரு பேர் போல இன்னொன்றைப் பாடவில்லை அவள். வாட்ச்மேனை மேலே தூக்கினாள், துணிக்காரியைத் தரையோடு தரையாக இழுத்தாள். என் பேர் வந்தது. 'ஹோய்' என்றேன். என் கை எப்போது டிரம்மைத் தட்ட ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் ஷெர்வின் வாயால் கீபோர்டு வாசித்தான். விருந்தாளிகள் பேர் அவளுக்குத் தெரியாதே. மேஜைகளில் கிடந்த டீ பில்லில் ரூம் நம்பரும் ஆள் கணக்கும் இருந்ததாம். அப்புறம், "ஏழாம் நம்பரு ரூமு... நாலு பேரு..." என்று இறங்கினாள்.

"ஹோய்" என்றது ஒரு தயங்கிய ஆண் குரல். "ஹோய்" என்றது ஒரு குழந்தை. எட்டாம் நம்பர் தன் முறைக்குக் காத்திருந்தது. பதினோராம் நம்பர் ரூமிலிருந்த சார் மூன்று தடவை பதில் சொன்னார், மனைவி கிள்ளியதும் நிறுத்தினார். டீ ஆறிப்போய் மேலே கிடக்கிறது. ஒருவரும் நகரவில்லை.

கடைசியாக, "சாராம்மா..."

பதில் இல்லை. சாரா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். முகத்தைப் பனி மறைத்தது.

"சாராம்மா... ஓ... சாராம்மா..." அந்தக் குரல் உடைந்திருந்தது. அழுதுகொண்டே பாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணா, நான் பதில் சொல்லலைன்னா என்ன ஆகும்?" என்று மெல்லக் கேட்டாள் சாரா.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்குமுங்க மேடம். ஆரும் போக மாட்டாங்க."

"எவ்ளோ நேரம்?"

"பதிலு வர்ற வரைக்குமுங்க."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது சாரா "ஹோய்" என்றாள். மெலிசாக, கீச்சென்று, எந்தச் சுருதியிலும் சேராமல். ரோட்டில் எல்லாரும் கை தட்டினார்கள்.

மேலே போனோம். கனகா மைக் வயரைச் சுற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சாராவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாத்தையும் எழுப்பித் தொரத்தி வுட்டுட்டனுங்க. மன்னிச்சுக்குங்க."

"நான் பதில் சொன்னேனே, கேட்டுச்சா?" என்றாள் சாரா.

"கேட்டுச்சுங்க."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லித் தொலையேன் என்று நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். எங்கே கேட்டாள்?

"சுருதியே இல்லீங்க" என்றாள் கனகா.

சாரா அவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கி மேஜையில் வைத்தாள். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிக் குடுத்துட முடியுமா?"

கனகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"ஒரு வாரத்துல ஆகறதில்லீங்க. உங்க குரலுக்கு அஞ்சாறு வருசமாச்சும் வேணுமுங்க."

"சரி, அஞ்சாறு வருஷம் இருங்க" என்றாள் சாரா.